மூன்றாவது ஆளுக்கான செலவு

அன்னபுஷ்பம் கப்பலில் போகக் கணக்குப் போட ஆரம்பித்தது ஒரு மார்ச் மாதம். அதுவரை அவள் மெரினாவில் கால் நனைத்ததோடு சரி. வயது ஐம்பத்திரண்டு. மண்ணூர்ப் பக்கம் மீனும் பட்டாணியும் ஐஸ்கிரீமும் அடுக்கி வைக்கிற ஒரு குளிர்பதனக் கிடங்கில் பதினோரு வருஷமாகத் துப்புரவு வேலை. கணவர் லாசர், ஒரகடத்துக் கம்பெனி ஒன்றுக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறார். மகள் ஜோவிதா செல்போன் பாகம் செய்யும் இடத்தில் லைனில் நிற்கிறாள். மகன் பென்சன் ஒரு வெளிநாட்டு உல்லாசக் கப்பலின் சமையல்கட்டில் இருக்கிறான். கோடையில் அந்தக் கப்பல் நார்வே பக்கம் போகும். பனி மூடிய மலைகளுக்கு நடுவே ஒரு வாரம் பணக்காரர்களைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பும்.

பென்சன் வீட்டுக்கு வந்து மூன்றரை வருஷம் ஆகியிருந்தது.

அவன் முத்துச்செல்வி என்ற பெண்ணை விரும்பினான். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தவள். வேறு ஜாதி, வேறு சாமி என்று லாசருக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பெண்ணைத் தினமும் வேலைக்கு ஏற்றிப் போனதே அவருடைய பஸ்தான். ஒரு நாள் காலை ஷிப்டுக்கு ஹாஸ்டல் வாசலில் வண்டியை நிறுத்தியவர், முத்துச்செல்வி படியில் கால் வைக்கும்போது கையை நீட்டித் தடுத்தார். "வேலைக்கு வந்தியா, என் புள்ளையப் புடிக்க வந்தியா?" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார். உள்ளே நாற்பது பெண்கள் இருந்தார்கள். அவள் படியிலிருந்து இறங்கினாள். பிறகு எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை. ஊருக்குப் போனாள், நாலு மாதத்தில் அங்கே கல்யாணம் ஆனது. அதே மாதம் பென்சன் கப்பலுக்குப் போனான்.

அம்மாவிடம் தினமும் பேசுவான். அப்பா இருக்கிறாரா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஒப்பந்தம் முடிந்தால் மும்பையில் இறங்கி, அங்கேயே கிடந்து அடுத்த கப்பலைப் பிடிப்பான். எந்தத் தேதியில் வருகிறான் என்று அம்மாவிடம்கூடச் சொல்ல மாட்டான்.

மார்ச்சில் அவனே சொன்னான். "எங்க வூட்டு ஆளுங்களுக்குக் கம்மி ரேட்ல டிக்கெட் தர்றாங்கம்மா. ஆகஸ்ட்ல நீயும் ஜோவிதாவும் வாங்க. ஒரு வாரம் எங்கூட இருக்கலாம்."

"அப்பா?"

"ரெண்டு பேர்தான் சொல்றேன்."

"மூணு பேர வுட மாட்டாங்களா?"

"வுடுவாங்க" என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஜோவிதா பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள். கப்பலுக்கு வரியோடு சேர்த்து ஆளுக்கு முப்பதாயிரம். அது பெரிதில்லை. கப்பல் ஏறுகிற ஊர்வரைக்கும் பறந்து போய்த் திரும்ப ஆளுக்கு எண்பத்திரண்டாயிரம். விசாவும் இன்சூரன்ஸும் ஆளுக்குப் பதிமூன்றாயிரத்து ஐந்நூறு. ஏறுவதற்கு முந்தின நாள் தங்குகிற அறைக்குப் பதினாலாயிரம். கையில் இருந்தது ஜோவிதா சேர்த்தது, சீட்டுப் பணம், லாசருடைய போனஸ் எல்லாம் கூட்டி இரண்டு லட்சத்து எழுபதாயிரம்.

"ரெண்டு பேருக்கு சரியா கீது. மூணாவது ஆளுக்கு ஒண்ணே கால் லட்சம் இடிக்குது" என்றாள் ஜோவிதா. அப்பா இருக்கிறார் என்று பார்த்து, நிறுத்தி, பிறகு சொன்னாள். "அண்ணன் கேட்டதும் ரெண்டு பேரத்தான்."

லாசர் தரையைப் பார்த்தபடி, "நீங்க போங்க. நான் வந்து இன்னா பண்ணப் போறேன்" என்றார்.

"நீ இல்லாம நான் எதுக்குயா போறது?" என்றாள் அன்னபுஷ்பம். "எங்கிட்ட அவன் தெனம் பேசறான். எம் மூஞ்ச போன்ல பாத்துக்கினுதான் இருக்கான். உன்னையும் அவனையும் ஒரே எடத்துல நிக்க வைக்கணும். இங்கன்னா எழுந்து போயிடுவான். கப்பல்ல இருந்து எங்க போவான்?"

அதுதான் அவளுடைய திட்டம் முழுவதும். நார்வே எங்கே இருக்கிறது என்று அவள் கேட்கவே இல்லை.

அதன்பிறகு அந்த வீட்டில் எல்லாம் மூன்றாவது ஆளுக்காகத்தான் நடந்தது. லாசர் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண வண்டி ஓட்டினார். ஜோவிதா கிடைத்த ஓவர்டைம் எல்லாம் பார்த்தாள். மீன் வாங்குவது நின்றது. அன்னபுஷ்பம் மூட்டு வலிக்கு வாங்குகிற மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டாள். மூன்று மாதம் இப்படி ஓடியும் இருபத்தெட்டாயிரம்தான் கூடியது. இடையில் விமான டிக்கெட் ஆளுக்கு நாலாயிரம் ஏறிவிட்டது.

குளிர் உடைக்கு என்ன செய்வது என்ற கவலை வேறு. கடையில் ஒரு நல்ல கோட்டு விலை கேட்டுவிட்டு வந்தவள், மறுநாள் கிடங்கில் சூப்பர்வைசர் சக்திகுமாரிடம் போய் நின்றாள். கோவில்பட்டிக்காரன், முப்பது வயதுகூட ஆகாதவன். கழித்துப் போட்ட ஜாக்கெட் மூன்று வேண்டும் என்றாள். அவன் தேடி எடுக்கப் போன நேரத்தில், ஒன்றை மாட்டிக்கொண்டு மைனஸ் பதினெட்டு டிகிரி சேம்பருக்குள் போய்விட்டாள். தன்னால் தாங்க முடியுமா என்று தெரிந்துகொள்ளத்தான். பட்டாணிப் பெட்டிகளுக்கு நடுவே நின்று ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தாள். இரண்டாவது பத்து மணிகளை உருட்டி முடிப்பதற்குள் தாடை இறுகி வார்த்தை வரவில்லை. மூச்சு இழுத்தால் நெஞ்சு குத்தியது. அப்போதும் வெளியே வரவில்லை. சக்திகுமார்தான் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தான்.

"எதுக்குக்கா இந்த வேல? ஆகஸ்ட்டுல அங்க பத்து டிகிரி இருக்கும்லா. மைனஸ் எல்லாம் கெடையாது" என்றான்.

"பத்தா?" என்றாள். அப்புறம் அழுதாள். வெகு நேரம் அழுதாள். குளிரால் என்றுதான் அவன் முதலில் நினைத்தான். சுடு தண்ணீர் கொடுத்துவிட்டு, மூன்று ஜாக்கெட்டையும் மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தான்.

விருந்தாளிகளின் பெயரைப் பென்சன்தான் கப்பல் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஜூன் முதல் வாரம்தான் கெடு. அன்னபுஷ்பம் கேட்டேவிட்டாள்.

"அப்பா பேரையும் எழுதுடா."

"வேணாம்மா."

"எழுதலன்னா எங்க பேரையும் எழுதாத. நான் வரல."

"நீ வருவன்னுதாம்மா நான் இத்தன நாள் இங்க கஷ்டப்பட்டுக்கினு இருக்கேன்."

"நானும்தான் கஷ்டப்படறேன்."

போன் கட்டானது. ஒன்பது நாள் அவன் கூப்பிடவில்லை. கப்பலுக்குப் போனதிலிருந்து இப்படி ஒரு நாள்கூட இருந்ததில்லை. இருந்த மகனையும் விரட்டிவிட்டேன் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. வேலைக்குப் போனாள், துடைத்தாள், வந்தாள். லாசரிடம் பேசவில்லை. அவரும் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். பத்தாம் நாள் ஜோவிதாவின் வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது. "அப்பா பேர் பாஸ்போர்ட்ல எப்படி இருக்கு, போட்டோ அனுப்பு."

இப்போது விசாவுக்குப் பேங்க் கணக்கில் பணம் காட்ட வேண்டும். ஶ்ரீபெரும்புதூரில் பாரம் நிரப்பிக் கொடுக்கிற ஒருவரிடம் போனார்கள். அவர் தாள்களைப் புரட்டிவிட்டு, "பணம் பத்தாதும்மா. அதுக்காகக் கடன் வாங்கி இப்ப மொத்தமாப் போடாதீங்க, பாத்தாலே தெரிஞ்சிடும்" என்றார். ஜோவிதாவும் அதையே சொன்னாள். அன்னபுஷ்பம் கேட்கவில்லை. மகளிர் குழுவில் ஒன்றரை லட்சம் வாங்கி லாசர் கணக்கில் ஒரே நாளில் போட்டாள். வேறு வழி இருந்தால் அவளும் செய்திருப்பாள். நாள் இல்லை.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை பாஸ்போர்ட்டுகள் திரும்பி வந்தன. மூன்றிலும் விசா ஒட்டவில்லை. கூட இருந்த தாளை ஜோவிதா படித்துச் சொன்னாள். பணம் எங்கிருந்து வந்தது என்று தெளிவாக இல்லை. திரும்பிப் போவார்கள் என்று நம்ப முடியவில்லை.

"நாம எங்க போயிடப் போறோம்" என்றார் லாசர்.

அன்னபுஷ்பம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "நான்தான் கெடுத்தேன். ரெண்டு பேரோட வுட்டிருந்தா போயிருக்கலாம். மூணு பேர் மூணு பேர்னு நின்னேன்" என்றாள். விசாவுக்குக் கட்டியது திரும்ப வராது. பாரம் எழுதியவருக்குக் கொடுத்தது, கடன் வட்டி எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரம் போயிருந்தது. ஆகஸ்ட் பயணமும் போயிருந்தது. அன்று அந்த வீட்டில் யாரும் சமைக்கவில்லை.

மறுநாள் பென்சன் கூப்பிட்டான். அவள் சொல்லத் தொடங்குவதற்குள், "ஜோவிதா சொன்னா. போன அப்பாகிட்ட குடு" என்றான்.

லாசர் போனை இரண்டு கையாலும் வாங்கினார். மகன் கேட்டதெல்லாம் விசா பாரத்தைப் பற்றித்தான். எத்தனை மாத ஸ்டேட்மென்ட் வைத்தீர்கள், கம்பெனியில் லீவு கடிதம் வாங்கினீர்களா. அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். மேல்முறையீடு செய்தாலும் ஆகஸ்டுக்குள் வராது என்றான். சரி என்றார். வைக்கும்முன் அவன் சொன்னான். "செப்டம்பர் ஒம்பதாந்தேதி மும்பைல எறங்கறேன். ரெண்டு நாள்தான். மெடிக்கல் பாத்துட்டு அடுத்த கப்பல்."

குழுப் பணத்தை அப்படியே திருப்பிக் கட்டினார்கள். மிச்சத்தில் மும்பைக்கு இரண்டு ரயில் டிக்கெட். ஜோவிதாவுக்கு லீவு கிடைக்கவில்லை.

கப்பல் ஆட்கள் தங்குகிற விடுதிக்கு எதிரே ஒரு டீக்கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பென்சன் இளைத்திருந்தான். முன்கையில் எண்ணெய் பட்ட தழும்பு ஒன்று இருந்தது. போனில் அதை அவன் காட்டியதே இல்லை. அன்னபுஷ்பம் அதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

லாசர்தான் பேசினார். "அந்தப் பொண்ணு படியில கால வச்சிட்டு நின்னுச்சி. நான் கைய நீட்டி மறிச்சேன். பேசுனதும் தப்பு, மறிச்சதும் தப்பு."

பென்சன் டீயைக் குடித்து முடித்தான். "இப்ப சொல்லி இன்னாப்பா பண்றது?" என்றான். குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் லாசருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

நாலு மணிக்கு அவன் போக வேண்டும். எழுந்ததும் அம்மாவைக் கட்டிக்கொண்டான். அப்பாவின் தோளில் ஒரு நொடி கை வைத்தான், எடுத்துக்கொண்டான்.

"அடுத்த தபா வூட்டுக்கு வருவியா?" என்றாள்.

"தெரியலம்மா. பாக்கலாம்."

திரும்பி வரும்போது அரக்கோணத்தில் இறங்கி, ஶ்ரீபெரும்புதூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் சொன்னாள். "அவன் வூட்டுக்கு வருவான்னு இன்னும் ஒரு வருஷம் பாப்பேன். அதுக்கு மேல என்னால முடியாதுயா."

"என்னாலயும்தான்" என்றார் லாசர். பஸ் வந்தது. உட்கார இடம் இல்லை. நின்றுகொண்டே வந்தார்கள்.