மூன்றாம் வரிசை நாய்கள்

நாய்க் காப்பகத்து ஆய்வகத்தில் பன்னிரண்டு வருடமாக அவளுக்கு ஒரே வேலைதான். நாய்களின் வாயில் பஞ்சை வைத்து எச்சில் எடுத்து, மன அழுத்தத்தில் ஏறுகிற கார்டிசாலை அளப்பாள். மூன்றாம் வரிசைக் கூண்டு நாய்களுக்கு மட்டும் அது இரண்டு மடங்கு இருந்தது. அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டவர் அவளுடைய அக்கா கணவர். அவரிடமே போய்க் கேட்டாள்.

"நாய் எச்சிலை வச்சு என் மேல பழி போடுறியா? உனக்கு வேலை வாங்கிக் குடுத்ததே நான்தான்!" என்று எகிறினார்.

"அதுக்காக நீங்க நாய்ங்கள உதைக்கிறத மூடி மறைக்கணுமா, மாமா?"

அவர் விடுப்பில் போன வாரம் மறுபடி அளந்தாள். பாதியாக இறங்கியிருந்தது. இரண்டு தாள்களையும் மேலாளரிடம் நீட்டினாள். மாமாவை வாசல் காவலுக்கு மாற்றினார்கள்.

அன்று மாலையே அக்கா போனில் சீறினாள்: "இனிமே என் வீட்டுப் படி ஏறாதே!"

"ஏறல," என்று சொல்லி இவள் போனை வைத்துவிட்டாள். மறுநாள் காலை பஞ்சை எடுத்துக்கொண்டு மூன்றாம் வரிசைக்குப் போனாள்.