ஆத்தூர்ப் பக்கம் ஒரு காலிக் குளம்

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு எங்கள் கம்பெனி சரக்கோடு வரவேண்டிய கப்பல் ஒரு நாள் தள்ளிப்போனது. லாட்ஜ் அறையில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது. தை மாதம், குளம் நிறைந்து பறவைகள் வந்திருக்கும் என்று ஆத்தூர்ப் பக்கம் கிளம்பினேன். திருச்செந்தூர் பஸ்ஸில் இருபது கிலோமீட்டர் சொச்சம். அங்கிருந்து குளத்துக்குப் போய்வர ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய்.

"குளத்தைப் பாக்கவா வந்திய?" என்று சிரித்தார் ஆட்டோ ஓட்டிய அண்ணாச்சி. அந்தச் சிரிப்பிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

கரைமேல் ஏறினால், கண்ணுக்கு எட்டிய வரை வெடித்த மண்ணும் சீமைக்கருவேலமும்தான். ஒரு கொக்குகூட இல்லை. முன்பு வெள்ளத்தில் உடைந்த கரையை மண்ணைக் கொட்டி அடைத்தார்களாம். இந்த மழைக்கு அதே இடத்தில் மறுபடி உடைந்து, இருந்த தண்ணீரெல்லாம் கடலுக்குப் போய்விட்டது. 

"குளத்துல தண்ணி கெடந்தாத்தான் சார் எங்க கெணத்துல நல்ல தண்ணி. இப்பம் பூரா உப்பு" என்றார் அண்ணாச்சி. அவருக்கு அரை ஏக்கர் வெற்றிலைக் கொடிக்கால் உண்டு. அது காய ஆரம்பித்த பிறகுதான் இந்த வாடகை ஆட்டோ. பார்க்கலாமா என்று கேட்டேன். கூட்டிப் போனார்.

கொடியை லட்சுமியாக நினைக்கிற ஊர் இது. கொடிக்காலுக்குள் யாரும் செருப்போடு போவதில்லை. அது தெரிந்துதான் வரப்போரம் குனிந்து வாரை அவிழ்க்கப் போனேன்.

"வேண்டாம் சார், போட்டுட்டே வாங்க. உள்ள முள்ளு கெடக்கு." சொல்லிவிட்டு அவரும் செருப்போடே உள்ளே நடந்தார்.

அகத்தி மரங்களில் கொடிகள் கருகித் தொங்கின. நடுவில் அவர் மனைவி வெறுங்காலோடு, லாரித் தண்ணீரைக் குடத்தில் சுமந்து வந்து ஒரே ஒரு பாத்திக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். அதில் மட்டும் கொஞ்சம் பச்சை மிச்சம் இருந்தது.

"ஏளா, போதும் விடு. குடிக்கதுக்கு வேணும்லா?"

அந்த அம்மா நிமிர்ந்தார். கணவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

"செருப்போடயா வாரிய?"

அண்ணாச்சி அப்போதும் செருப்பைக் கழற்றவில்லை. அந்த அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும் வழியில் ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தேன். பொய் சொல்லாமல் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. இப்போதும் கிடைக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: கரையில் நிழல் கிடையாது, தொப்பியும் குடிதண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். பறவைகளை நம்பிக் கேமரா தூக்கிப் போகாதீர்கள். கொடிக்காலுக்குப் போனால், யார் வேண்டாம் என்றாலும் செருப்பை வெளியே விட்டுவிடுங்கள். முள் குத்தினால் குத்தட்டும்.