நீல டேப் ஒட்டிய பிப்பெட்

இந்த ஊரில் குடிதண்ணீர் கீழிருந்து மேலே வருகிறது. பல்கலைக்கழகத்தின் நடைகூடத்தில் சுவரோடு ஒரு சின்னத் தொட்டி இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் தண்ணீர் வளைந்து எழும்பும். பேராசிரியரிலிருந்து தரை துடைப்பவர்வரை எல்லோரும் கன்றுக்குட்டி மாதிரி குனிந்து குடிக்கிறார்கள். தலையை அண்ணாந்து குடித்தே வளர்ந்த நான், வந்த முதல் மாதம் முழுக்க அந்தத் தொட்டிமுன் போய் நிற்பதும், பின்னால் ஆள் வந்தால் வழிவிட்டுத் தாகத்தோடு திரும்புவதுமாக இருந்தேன். சிரிக்காதீர்கள். இத்தனை தூரம் விமானம் ஏறி வந்தவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கத் தெரியவில்லை என்றால் எரிச்சல் வராதா?

தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அவ்வளவு உப்பு. நல்ல தண்ணீர் தள்ளுவண்டியில் குடம் குடமாக வரும். அப்பா உடன்குடியிலிருந்து கருப்பட்டிச் சிப்பங்களோடு வந்து, துறைமுகத்துக்குப் போகும் சாலையில் கடை போட்டவர். கடைக்கு ஒரு பானை, ஒரு செம்பு. லாரி ஓட்டுகிறவர், சிப்பம் இறக்குகிறவர், அண்ணன், நான், எல்லோருக்கும் அந்த ஒரே செம்புதான். உதட்டில் படாமல் குடிப்பதால் அது யாருக்கும் எச்சில் ஆகாது. கல்லூரியிலும் இதே கதை. பிப்பெட் என்பது அளவுக் கோடுகள் போட்ட மெல்லிய கண்ணாடிக் குழல். ஒரு நுனியைத் திரவத்தில் வைத்து மறுநுனியை வாயால் உறிஞ்ச வேண்டும். நாங்கள் ஒவ்வொருத்தியும் வாய் வைக்கும் நுனியைக் கழுவி, கரைசலால் உள்ளே ஒருமுறை அலசிவிட்டுத்தான் உறிஞ்சுவோம். இதை எந்தப் புத்தகமும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்த வருஷம் நான் இங்கே வந்தேன். எனக்குக் கொடுத்த வேலை, குடலில் வாழும் ஒரு சாதாரண பாக்டீரியாவின் சாப்பாட்டு விஷயம். அதற்குக் குளுக்கோஸையும் பால் சர்க்கரையையும் கலந்து வைத்தால் முதலில் குளுக்கோஸைத்தான் தின்னும். பால் சர்க்கரையை வெட்டும் நொதிக்கான ஜீன் அதுவரை கிட்டத்தட்ட அணைந்தே கிடக்கும். குளுக்கோஸ் தீர்ந்ததும், அந்த நொதியைச் செய்துகொள்ளும்வரை அரை மணி நேரம்போல அப்படியே நிற்கும். பெருகாது, சாகவும் சாகாது. அந்த அரை மணி நேரத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சோதனை எளிதுதான். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குடுவையிலிருந்தும் ஒரு துளி எடுத்து, நிறமில்லாத ஒரு திரவத்தில் விட வேண்டும். நொதி இருந்தால் மஞ்சளாகும். எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மஞ்சள் என்பதுதான் கணக்கு. குடுவைகள் பல என்பதால் ஸ்டாப்வாட்ச் ஓட ஓட இருபது விநாடிக்கு ஒரு சோதனைக் குழாய். பிப்பெட்டுகள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பீக்கரில் நிற்கும். நான்கு பேர் மாற்றி மாற்றி வாயில் வைப்பார்கள். ஆய்வக உதவியாளர் டோரத்தியின் உதட்டுச் சாயம் ஒன்றில் அப்படியே இருந்தது. ஊர்ப் பழக்கத்தில் அதைக் கழுவினேன். தண்ணீர் உள்ளே போனால் அளவு கெடும் என்று டோரத்தி தடுத்தார். நியாயம்தான். கழுவி அலச இருபது விநாடியில் ஏது நேரம்?

அதனால் நான் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். பிப்பெட்டைத் திரவத்தில் ஆழமாக முக்கி, மேல்நுனியைக் கட்டைவிரலால் பொத்தி எடுத்துவிடுவேன். வாயே படாது. ஆனால் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்ட துளியும் கூடவே போனது, ஒருமுறை அதிகமாக, ஒருமுறை குறைவாக. ஒரே குடுவையில் ஒரே நேரத்தில் எடுத்த இரண்டு குழாய்கள், ஒன்று நல்ல மஞ்சள், மற்றது வெளிறல். ஏழு வாரம் இப்படியே ஓடியது. பேராசிரியர் ஒருநாள் அறைக்குக் கூப்பிட்டார். மே மாதத்துக்குள் அளவுகள் ஒத்துவராவிட்டால் என் இடத்தை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். அப்பா கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் 'எம் மவ டாக்டருக்குப் படிக்கா' என்று சொல்லிவைத்திருந்தார்.

"கட்டைவிரலால் எடுக்கிறாயாமே, டோரத்தி சொன்னார். பாக்டீரியா வாய்க்குள் போய்விடும் என்று பயமா?" என்று பேராசிரியர் கேட்டார்.

பாக்டீரியாவுக்கு எனக்கென்ன பயம்? உங்கள் நான்கு பேர் எச்சில்தான் எனக்கு அருவருப்பு என்று அந்த நல்ல மனிதரின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

"ஆமாம்," என்றேன்.

மறுநாள் காலை என் மேசையில் ஒரு புது பிப்பெட் இருந்தது. மேல்நுனிக்குக் கீழே நீல டேப், அதில் என் பெயர். வேறு யாரும் தொடக் கூடாது என்று டோரத்தி எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அன்றே என் குழாய்கள் இரண்டும் ஒரே மஞ்சளாக வந்தன. இடமும் நிலைத்தது. ஆனால் அன்றைக்கு நான் சந்தோஷப்படவில்லை. அப்பா சிறுவனாக இருந்தபோது ஏதோ ஒரு ஊர்க் கடையில் அவருக்கு மட்டும் தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் ஊற்றினார்களாம். அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் மாறும். அவர் மகள் நான், எனக்கான சிரட்டையை நானே பொய் சொல்லி வாங்கிக்கொண்டேன். டோரத்தியைக் கோபிக்கவும் வழியில்லை.

இரண்டு குளிர்காலம் போனால் எந்த அருவருப்பும் தேய்ந்துவிடுகிறது. அந்தத் தொட்டியில் குனிந்து குடிக்கப் பழகினேன். காப்பிக் கோப்பையை உதட்டில் வைத்து உறிஞ்சப் பழகினேன். ஒருநாள் அவசரத்தில் பொது பீக்கரிலிருந்து ஒரு பிப்பெட்டை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனேன். டோரத்தி ஓடிவந்து அதை என் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டு நீல டேப் ஒட்டியதை நீட்டினார்.

"உன்னுடையது இது, கனி. மறந்துவிட்டாயா?"

பரவாயில்லை, எனக்கு இப்போது பயமில்லை என்றேன். தைரியமான பெண் என்று தோளில் தட்டினார். பொது பிப்பெட்டை மட்டும் திருப்பித் தரவில்லை.

மூன்றாம் வருஷம் விடுமுறையில் ஊருக்குப் போனேன். மத்தியான வெயிலில் வந்து இறங்கியவளுக்கு அம்மா செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தாள். வாங்கி உதட்டில் வைத்து மடமடவென்று குடித்தேன். பாதி குடித்த பிறகுதான் அம்மாவும் அண்ணனும் என் உதட்டையே பார்ப்பது தெரிந்தது.

"ஏளா, செம்ப எச்சியாக்கிட்டியே," என்றாள் அம்மா. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"விடும்மா. அங்கன எல்லாரும் அப்படித்தான குடிப்பாவ. அவளும் பழகிட்டா," என்றான் அண்ணன்.

"கழுவுனா போயிரும்லாம்மா. இனி அண்ணாந்தே குடிக்கேன்," என்றேன்.

அங்கேயே அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். புரையேறி மூக்கில் வந்தது, சட்டையெல்லாம் நனைந்தது. அண்ணன் சிரித்தான். அம்மா என் தலையைத் தட்டிவிட்டு உள்ளே போய், ஒரு எவர்சில்வர் தம்ளரோடு வந்தாள்.

"எதுக்குளா செரமப்படுத? நீ இதுல குடி. ஒனக்குன்னே தனியா வச்சிருக்கேன்."

டோரத்தியின் முகத்தில் இருந்த அதே பிரியம். தம்ளரை வாங்கி உதட்டில் வைத்தேன். குடித்து முடித்ததும் அம்மா தம்ளரைக் கழுவி, செம்பு இருக்கும் பானைப் பக்கம் வைக்காமல், அலமாரியின் மேல்தட்டில் கவிழ்த்தாள். அடுத்த வாரம் இங்கே திரும்பி வந்தபோது ஆய்வக மேசையில் நீல டேப் பிப்பெட் எனக்காகக் காத்திருந்தது. தம்ளர், பிப்பெட், இரண்டும் சுத்தமாக இருக்கின்றன. இரண்டையும் வேறு யாரும் தொடுவதில்லை.