சந்தேகப் பட்டியலில் டோர்ஸ்டென்

ஸ்டாக்ஹோமில் பிரதமரைச் சுட்டவன் ஓடி மறைந்த படிக்கட்டை, அவனைவிட வேகமாக ஏறியவள் மாய்லிஸ். இது அவள் வாயாலேயே சொல்வது; கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன் என்று ஒப்புக்கொள்ளவும் செய்வாள். முழங்கால் ஒத்துழைத்த காலத்தில், கடிகாரமும் கையுமாக முந்நூறு தடவை ஏறியதில் மட்டும் பொய்யில்லை.

சுரங்க ரயிலில் டிக்கெட் கொடுத்தவள். கொலை நடந்த அந்த வெள்ளிக்கிழமை, பக்கத்து நிலையத்தில் அவளுக்குத்தான் வேலை. காய்ச்சலென்று விடுப்புப் போட்டாள். அதிலிருந்து அந்த வழக்கே தனக்குச் சேரவேண்டியது என்று ஒரு நினைப்பு. துப்புத் துலக்கிப் போலீசுக்கு நாற்பத்தொரு கடிதம் எழுதினாள்.

அவள் கணக்கில் கொலையாளி தனியாள், மனசு கசந்தவன். பூகோள வாத்தியார் டோர்ஸ்டெனுக்கோ அது உலகளாவிய சதி. வியாழக்கிழமைதோறும் அவள் சமையலறையில் காபி குடித்தபடி இதே வழக்குதான்.

"அத்தனை பேர் சேர்ந்த சதின்னா, ஒருத்தன்கூடவா பொண்டாட்டிகிட்ட உளறாம இருப்பான்?" என்பாள்.

"போலீஸ் ஒருத்தனைப் பிடிச்சுது, விட்டுது. கடைசியில செத்தவனைக் கைகாட்டிக் கதவை மூடிடுச்சு. அதை நம்பணுமாக்கும்" என்பார்.

அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றுவாள். ஆனால் அவளை அரித்தது இந்த வாக்குவாதமல்ல. கொலைக்கு மறுவருடம் சதியை விளக்கி டோர்ஸ்டென் வரைந்த வரைபடத்தை, அவர் படத்தோடு ஒரு பத்திரிகை போட்டிருந்தது.

வழக்கை மூடியபின் போலீஸ் கோப்பில் தங்களைப் பற்றி என்ன இருக்கிறதென்று இருவரும் எழுதிக் கேட்டார்கள். சுவீடனில் யாரும் கேட்கலாம். மாய்லிஸுக்கு, நாற்பத்தொரு கடிதத்துக்கும் சேர்த்து ஒற்றை வரி வந்தது: தங்கள் பெயரில் எதுவும் இல்லை. டோர்ஸ்டெனுக்குத் தடித்த உறை. அடுத்த வியாழன் அதோடு வந்து உட்கார்ந்தார்.

"பதினாலு பக்கம், மாய்லிஸ். நான் சந்தேக நபர்."

மகாராஜா பட்டம் கட்டிக்கொண்ட முகம். முப்பத்தைந்து வருஷமாய் இந்த வழக்கோடு கிடந்தவள் இவள், சந்தேகம் அவர்மேல்.

"யாரு சந்தேகப்பட்டது உன்னை?"

"பேர் சொல்லாத ஒரு பொம்பளை. போன்ல. 'உயரமான ஆளு, பழுப்புக் கோட்டு, வீட்டுச் சுவர் முழுக்க வரைபடம்.' உளவுத்துறை வேலை இது. உண்மையைக் கிட்டத்துல தொட்டுட்டேன், என் வாயை அடைக்கப் பார்த்திருக்காங்க. இதுக்குப் பின்னாடி பெரிய கை இருக்கு." ஏலக்காய் ரொட்டியில் இன்னொன்றை எடுத்துக்கொண்டார். "டிவிக்காரங்களுக்குச் சொல்லிட்டேன். நாளைக்கு வர்றாங்க."

அடுப்படியில் அவள் கணவன் எவர்ட் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். கத்தி ஒரு கணம் நின்றது.

மாய்லிஸ் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடியிருந்தால் மானம் மிஞ்சும்; ஆனால் டிவியில் டோர்ஸ்டென் வருவார். அதுவும் பெரிய கையோடு.

"பெரிய கையும் இல்ல, சின்னக் கையும் இல்ல, துப்பறியும் துரையே. இந்தக் கைதான்" என்று வலக்கையை மேசைமேல் வைத்தாள். "பேப்பர்ல உன் மூஞ்சியைப் பார்த்தேன், பொறுக்கல. போலீசுக்குப் போன் போட்டேன். அந்தக் கோப்புல இருக்கிறது நீ மட்டும் இல்ல, நானும்தான். ஒருதரம் இல்ல, மூணுதரம் போட்டேன்."

டோர்ஸ்டென் காகிதங்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

"ரெண்டுதரம்தான்" என்றார் எவர்ட், திரும்பாமலே. "மூணாந்தரம் நான் போன் வயரைப் பிடுங்கிட்டேன்."