சூசைதாசன் சிரிக்காத பதினாலு மாதம்

யாழ்ப்பாணத்துப் பாசையூர்ச் சூசைதாசனைப் போல ஒரு சிரிப்புக்காரன் அந்தக் கரையிலேயே இருந்ததில்லை. கலியாண வீட்டுப் பந்தியில் இருந்து அவன் சிரித்தால் சமையல் கொட்டிலில் நிற்பவர்களும் சிரிப்பார்கள், என்ன பகிடி என்று தெரியாமலே. அப்படிப்பட்ட மனிதன் 1985 மார்கழியில் டென்மார்க்குக்கு வந்து, இக்காஸ்ட் என்ற ஊரில் ஒரு அறை எடுத்த கையோடு, இனிச் சிரிப்பதில்லை என்று அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தான்.

காரணம் மேரிகிறேஸ். கலியாணம் முடித்துப் பத்தாம் மாதத்தில் அவளை ஊரில் விட்டுவிட்டு வந்திருந்தான். அங்கே ஷெல் விழுகிறது, இங்கே தான் மட்டும் அனுபவித்துக்கொண்டிருப்பதா? அவள் இந்த மண்ணில் கால் வைக்கும்வரை எந்த இன்பமும் தனக்கு வேண்டாம் என்று முழங்காலில் நின்று சொல்லிவிட்டான்.

சொன்னதை அரைகுறையாகவும் செய்யவில்லை. தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. கட்டில் இருக்க வெறுந்தரையில் படுக்கை. சைக்கிளை அறைத்தோழன் சிவபாலனிடம் கொடுத்துவிட்டு, துணி ஆலைக்குப் பனியில் நடந்தே போனான். பொடியன்கள் வொலிபோல் விளையாட வந்து கூப்பிட்டால், ஊரில் பெயரெடுத்த ஆட்டக்காரன், யன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டுச் செபமாலையை எடுப்பான்.

"அண்ணை, உதெல்லாம் அந்தோனியார் உங்களிட்டைக் கேட்டவரோ?" என்று சிவபாலன் ஒருநாள் கேட்டுப் பார்த்தான்.

"பகிடி விடாதை. ஆத்துமத்தைக் காயவிட்டாத்தான் செபம் மேலை போகும்."

ஆத்துமத்தை அவன் கருவாட்டோடு சேர்த்துக் கணக்கெடுத்திருந்தான் போலிருக்கிறது, காயக் காயப் பழுதாகாது என்று. கடற்கரைக்காரன் புத்தி வேறெப்படிப் போகும்?

இந்தச் சீரில் ஒரு வருசத்துக்கு மேல் ஓடியது. 1987 தை மாதம், வேலை முடிந்து போகிற டெனிஷ் வகுப்பில் ஆசிரியை இங்கெர் ஒரு கேள்வி கொடுத்து, அடுத்த வகுப்புக்குப் பதில் எழுதி வரச் சொன்னாள். "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்பதுதான் கேள்வி. ஆனால் டெனிஷ்காரருக்கு 'பிடிக்கும்' என்று சொல்ல ஒரு தனிச் சொல் இல்லை. 'கான் லீதெ' என்று இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்வார்கள். 'கான்' என்றால் முடியும். 'லீதெ' என்ன என்று சூசைதாசன் அகராதியைப் புரட்டினான். துன்பப்படுதல் என்று போட்டிருந்தது.

அவன் அசந்துபோனான். "உங்களால் என்ன துன்பத்தைத் தாங்க முடியும்?" என்றல்லவா இந்த நாட்டில் மனிதரைக் கேட்கிறார்கள்! ஒரு வருசமாகத் தன்னிடம் ஒருவரும் கேட்காத கேள்வி. இருந்து யோசித்து ஒரு பக்கம் எழுதினான்.

வகுப்பில் மற்றவர்கள் பந்து, பாட்டு, பொரித்த கோழி என்று சொல்லி இருந்தார்கள். சூசைதாசன் எழும்பி, பூசையில் வாசகம் வாசிக்கிற குரலில் வாசித்தான். அவன் சொல்வதாக நினைத்தது ஒன்று. இங்கெருடைய காதில் விழுந்தது இது: "எனக்குச் சீனி இல்லாத தேத்தண்ணி பிடிக்கும். வெறுந்தரையில் படுக்கப் பிடிக்கும். பனியில் தூரம் நடக்கப் பிடிக்கும். விளையாட்டைப் பாராமல் இருக்கப் பிடிக்கும்."

இங்கெர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவ்வளவு சின்ன விசயங்களில் சந்தோசம் காண்கிற ஒருவரைத் தான் கண்டதேயில்லை என்றாள். அவள் சொன்ன டெனிஷ் பாதி விளங்காவிட்டாலும், கண்ணீரைக் கண்டு, தன் துன்பம் ஆசிரியைக்கு விளங்கிவிட்டது என்று சூசைதாசனுக்கும் நெஞ்சு நிறைந்தது. பின்வரிசை வாங்கில் இருந்த சிவபாலன் குனிந்து, விழாத பேனையைத் தேடிக்கொண்டிருந்தான்.

மாசி மாதத்து முதல் சனிக்கிழமை காலை, இங்கெரும் புருசன் ஸ்வெனும் காரில் வந்து கதவைத் தட்டினார்கள். அவர்களுக்கு ஒரு நடைக்குழு இருந்தது. பனியில் நடக்க இவ்வளவு ஆசைப்படுகிற மனிதனைக் கூட்டிப்போகாமல் விடுவதா? அப்போதுதான் சிவபாலன் உண்மையை அவிழ்த்தான்.

"அண்ணை, நீங்கள் அண்டைக்கு வாசிச்சது வேதனை இல்லை. விருப்பம்."

"ஏன்ரா அண்டைக்கே சொல்லேல்லை?"

"அவ்வளவு வடிவா வாசிச்சீங்கள். கெடுக்க மனம் வரேல்லை."

வாசலில் ஆசிரியை நிற்கிறாள். வரமாட்டேன் என்பது மரியாதையில்லை. பனியில் நடப்பது எப்படியும் தன் நேர்த்தியில் உள்ளதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு சூசைதாசன் காரில் ஏறினான்.

எட்டுக் கிழடுகள் ஒரு காட்டுப் பாதையில் இரண்டு மணித்தியாலம் கதைத்துக்கொண்டே நடந்தார்கள். கடைசியில் ஒரு மேடு வந்தது. அறுபத்தைந்து வயது ஸ்வென் முதுகுப்பையிலிருந்து வெறும் உரப்பைகளை எடுத்து எல்லாருக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்தார். பிறகு தன் பையில் குந்தி இருந்து, கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு, பனியில் சறுக்கிக் கீழே போனார். பின்னால் இங்கெர் போனாள். ஒவ்வொருவராக எல்லாரும் போய்ச் சேர்ந்து, கீழே நின்று கையைக் காட்டினார்கள். நடந்து இறங்க வேறு வழி இல்லை.

சூசைதாசன் சிலுவை போட்டுக்கொண்டு பையில் குந்தினான். பாதி வழியில் பை ஒரு பக்கம் போனது, ஆள் ஒரு பக்கம் போனான். உருண்டு வந்து ஸ்வெனுடைய காலை வாரி, இரண்டு பேருமாக ஒரு பனிக்குவியலுக்குள் தலைகீழாகப் போய் விழுந்தார்கள். வாய் நிறையப் பனியோடு எழும்பியவனுக்குச் சிரிப்பு வந்தது. பதினாலு மாதத்துச் சிரிப்பு அவ்வளவும் சேர்த்து வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட, பாசையூர்ப் பந்தியில் சிரித்த அதே சிரிப்பு. எட்டுக் கிழடுகளும் ஏனென்று தெரியாமல் கூடச் சிரித்தார்கள்.

திரும்பி வரும்போது காரில், நேர்த்தி உடைந்தது நினைவுக்கு வந்து, செபமாலையை எடுத்தான்.

திங்கட்கிழமை குடிவரவுக் கந்தோரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மேரிகிறேஸ் இங்கே வருவதற்குப் போட்ட விண்ணப்பத்தில் ஒரு பத்திரம் குறைகிறதாம், முடிவு தள்ளிப் போகிறதாம். சூசைதாசன் தலையில் கை வைத்தான். கந்தோர்க்காரர் அந்தக் கடிதத்தை எழுதியது அவன் சறுக்குவதற்கு முந்தின வியாழக்கிழமை என்று சிவபாலன் திகதியைத் தொட்டுக் காட்டினான். அதெல்லாம் அவன் காதில் ஏறவில்லை. தன் சிரிப்புத்தான் அவளைத் தடுத்துவிட்டது என்று அழுதான். நேர்த்தி வைத்தது, உரப்பை, சிரிப்பு எல்லாவற்றையும் பாவசங்கீர்த்தனம் மாதிரி எழுதி அவளுக்கு அனுப்பினான்.

ஆறு கிழமையால் பதில் வந்தது. ஆலையில் தேநீர் இடைவேளையில் உடைத்தான்.

"அன்பான அத்தானுக்கு, உந்த நேர்த்தியை என்னைக் கேட்டோ வைச்சனீங்கள்? நான் இஞ்சை நல்ல சந்தோசமா இருக்கிறன். ஞாயிறு பூசை முடிய, பக்கத்து வீட்டுப் பவளராணி அக்காவோடை டவுனுக்குப் போய் ஐஸ்கிறீம் குடிக்கிறனான். போன கிழமை ரண்டு குடிச்சன். அக்கா சிரிச்ச சிரிப்பிலை கதிரையோடை விழுந்திட்டா. தூக்கப் போன வெயிற்றரும் விழுந்திட்டான். நான் கலியாணம் முடிச்சது சிரிக்கிற மனுசனை. பிளேனாலை இறங்கேக்கை வேறை ஆரும் மூஞ்சையைத் தூக்கிக்கொண்டு நிண்டா, அடுத்த பிளேனிலை திரும்பிடுவன்."

அவனுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "நான் இஞ்சை நிலத்திலை கிடக்கிறன். அவள் அங்கை ஐஸ்கிறீம் குடிக்கிறாள். அதுவும் ரண்டு!" என்று சத்தமாகவே சொன்னான். சொன்ன பிறகு அந்த 'ரண்டு' அவனுக்கே பகிடியாக இருந்தது. வெயிற்றரும் விழுந்த காட்சி கண்ணுக்குள் வந்தது. பிறகு அடக்க முடியவில்லை. யாருக்கோ வலிப்பு என்று மேற்பார்வையாளர் ஓடி வந்தார்.

அன்று பின்னேரம் அந்தோனியார் படத்துக்கு முன்னால் நின்று, "இனி நீங்களாச்சு, அவளாச்சு" என்று சொல்லிவிட்டு விளையாடப் போனான்.

அந்தக் கோடையில் மேரிகிறேஸ் வந்து சேர்ந்தாள். கொப்பன்ஹேகன் விமான நிலையத்தில் அவன் வாயெல்லாம் பல்லாக நின்றான். இக்காஸ்டுக்குப் போகிற வழியில், கப்பலில் கடலைக் கடக்கும்போதுதான் அவளை நிதானமாகப் பார்த்தான். கை இரண்டும் ஈர்க்கு மாதிரி இருந்தன. கையைத் தூக்கினால் காப்பு முழங்கைக்குப் போனது.

"ஞாயிறுக்கு ஞாயிறு ஐஸ்கிறீம் குடிச்ச உடம்போ இது?" என்று கேட்டான்.

அவள் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கடை பூட்டி ஒரு வருசம். பவளராணி அக்கா போன மாரியே மன்னாருக்குப் போட்டா."

"அப்ப ஏன் அப்பிடி எழுதினனீர்?"

"நீங்கள் சிரிச்சனீங்களோ இல்லையோ?"

"சிரிச்சனான். வேலையிலை எல்லாரும் பயந்திட்டாங்கள்."

"நானும் சிரிச்சனான், எழுதேக்கை," என்றாள் மேரிகிறேஸ். "அந்த ஒரு வருசத்திலை அண்டைக்குத்தான்."