நல்லகாமன் சிரித்துவிட்டால்

இன்ஜினை உறுமவிட்டுக்கொண்டே நல்லகாமன் மீசையைத் திருகுகிறார். பேரையூரிலிருந்து மதுரைக்குப் போகும் காலை ஏழேகால் தனியார் பேருந்து. இருபத்தாறு வருடங்களாக அவர்தான் ஓட்டுநர். ஏற வருகிறவர்கள் ஊர்ப் பலகையைப் பார்ப்பதில்லை, அவர் முகத்தைப் பார்க்கிறார்கள்.

முகம் தொங்கியிருந்தால் நிம்மதியாக ஏறுவார்கள். மனைவி ஜெயக்கொடியோடு சண்டை போட்ட நாளில், வைக்கோல் டிராக்டரை முந்தாமல் அதன் பின்னாலேயே கல்லுப்பட்டி வரை வருவார். "எங்கிட்டு மாப்ள எடம் இருக்கு? எதுக்க வாரவனும் மனுசன்தான்" என்பார் நடத்துநர் காளையிடம். ஜெயக்கொடி சமாதானமாகிக் கறிக்குழம்பு வைத்துவிட்டால், அதே டிராக்டர், அதே சாலை, "இம்புட்டு எடம் கெடக்கு, யானையே போகும்." இரண்டையும் அனுபவம் என்றே நம்புகிறார். "நமக்கு மனசு கினசெல்லாம் கெடையாது. கண்ணளவுதான்."

பசுமலையில் ஆசிரியையாக இருக்கும் சத்யப்ரியா, "அண்ணனுக்கு இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று காளையிடம் விசாரிக்காமல் படியில் கால் வைப்பதில்லை.

சென்ற வாரம் நல்லகாமனின் மகள் திவ்யாவுக்கு அரசாங்க நர்ஸ் வேலைக்கு உத்தரவு வந்தது. மறுநாள் காலை ஏறிய ஒவ்வொருவரிடமும் சொன்னார். கேட்டவர்கள் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். "ரொம்ப சந்தோசம்ணே" என்ற சத்யப்ரியா, அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று காளையிடம் மெதுவாகக் கேட்டார். எட்டேகாலுக்கு. பள்ளி மணியை நினைத்து ஏறிக்கொண்டார்.

காளை தன்னால் ஆனதைச் செய்து பார்த்தார். "அண்ணே, புள்ளைக்குக் கன்னியாகுமரிப் பக்கம் போஸ்டிங்காம்ல. அம்புட்டு தூரம் போகணுமே."

"போகட்டும் மாப்ள. கடலு பாக்கும்ல."

கல்லுப்பட்டி தாண்டிய வளைவில் ஒரு ஜல்லி லாரி முன்னால் ஊர்ந்தது. நல்லகாமனுக்குச் சாலை கம்மாய் போல விரிந்து தெரிந்தது. வலப்பக்கம் ஒடித்தார். எதிரே தண்ணீர் லாரி. பேருந்து இன்னும் வலப்பக்கம் சரிந்து, மண்ணில் இறங்கி, கருவேல முள்ளை உரசி நின்றது. யாருக்கும் அடியில்லை. ஒரு கூடைத் தக்காளி மட்டும் படி வழியாக உருண்டு இறங்கியது.

அவர் இறங்கிப் பார்த்தார். டயருக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு சாண். திவ்யாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கண்ணு ஏமாத்திருச்சு மாப்ள" என்றார். மனசின் மேல் பழி விழவில்லை.

திருமங்கலம் வரை வண்டி தேர் மாதிரி அசைந்து வந்தது. மொபெட்டில் போன கிழவர்கூட முந்திக்கொண்டு போனார். பயணிகள் முகத்தில் அப்படியொரு ஆனந்தம். சத்யப்ரியா கண்ணயர்ந்தே விட்டார்.

திருமங்கலத்தில் பூக்கூடையோடு ஏறிய மலையம்மாளுக்கு நடந்தது எதுவும் தெரியாது. "ஏண்ணே, மக கவர்மெண்டு வேலைக்குப் போகுதாம்ல. பெத்தா இப்படியில்ல பெக்கணும்" என்றாள்.

நல்லகாமனின் முதுகு இருக்கையில் கொஞ்சம் நிமிர்ந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த சிமெண்ட் லாரியின் பின்புறத்தைப் பார்த்து, ஹாரனை இரண்டு முறை, தாளத்தோடு அடித்தார்.