மச்சான் அட்டையில் ஓடும் வேன்

பெட்ரோலை ஒரு வாய் வைத்துப் பார்த்தாலே போதும், அது எந்த ஸ்டேஷனில் போட்டது, மலிவு விலையில் போட்டதா முழு விலையில் போட்டதா என்று சொல்லிவிடுவேன். மலாக்கா மாநிலத்தில் அப்படிச் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருவன்தான்.

பொய். எல்லாம் ஒரே மாதிரிதான் எரியும். நாக்கு தடித்துப் போய், அன்றைக்கு முழுக்க மனைவி வைத்த குழம்பும் பெட்ரோல் வாசனை அடிக்கும். குழம்பைக் குறை சொல்ல ஒரு சாக்கு கிடைக்கும், அவ்வளவுதான் லாபம்.

என் தொழில் புல் வெட்டுவது. அலோர் காஜாவிலிருந்து சுங்கை ரம்பாய் வரைக்கும் கோயில், பள்ளித் திடல், செம்பனைத் தோட்டத்து ஓரம், எங்கே புல் வளர்ந்தாலும் தோளில் மெஷினை மாட்டிக்கொண்டு போய் நிற்பேன். எண்ணெய் ஸ்டேஷனில் பெட்ரோலைத் தோங்கில், அதாவது கேனில், ஊற்றித் தர மாட்டார்கள். அதற்கு அனுமதிக் கடிதம் வேண்டுமாம். அதனால் என்னுடைய பழைய வேனில் எண்ணெய் போட்டு, அப்புறம் ரப்பர் குழாயை விட்டு வாயால் இழுத்து மெஷினுக்கு எடுப்பேன். படித்தவனாக இருந்தால் கைப் பம்பு வாங்கியிருப்பான். நான் வாயை நம்பியே வாழ்ந்தவன்.

இந்த லட்சணத்தில்தான் அரசாங்கம் புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. எண்ணெய் போடும்போது கல்லாவில் ஐசியை, அதான் அடையாள அட்டையை, மெஷினில் செருக வேண்டும். குடிமக்களுக்குக் கொடுக்கும் நீல ஐசியும் வண்டி லைசென்சும் இருந்தால் மலிவு விலை. என்னிடம் இருப்பது குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு ஐசி. நான் எங்கிருந்தும் வந்தவன் இல்லை, இங்கேயே ஒரு ரப்பர் தோட்டத்து வீட்டில் பிறந்தவன். ஆனால் மழை இல்லாத நாளில் அப்பா பால்மரம் சீவப் போக வேண்டும், மழை பெய்த நாளில் சீட்டு விளையாடப் போக வேண்டும். என் பிறப்பைப் பதிய அவருக்கு நாளே அமையவில்லை. வளர்ந்தபிறகு நானாவது நீல ஐசி கேட்டேனா என்றால், கேட்டேன். அலுவலகத்தில் மலாயில் என்னவோ கேட்டார்கள், தலையாட்டினேன். எதற்குத் தலையாட்டினேன் என்று இன்றுவரை தெரியாது.

மனைவிக்கு நீல ஐசி உண்டு, லைசென்ஸ் இல்லை. எனக்கு லைசென்ஸ் உண்டு, ஐசி சிவப்பு. இருவரையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் வரும். ஆனால் கல்லாவில் ஜோடியாகச் செருக இடமில்லை.

முதல் நாளே கல்லாவில் இருந்த மலாய்ப் பெண் என் ஐசியைத் திருப்பித் தந்தாள்.

“அங்கிள், ஐசி மேரா தா போலே லா.”

சிவப்பு செல்லாதாம். இங்கேதானம்மா பிறந்தேன் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அது இந்த மெஷினுக்குத் தெரியாதே என்றாள். வெளியே என் வேனுக்குப் பின்னால் காரில் காத்திருந்த சீனக் கிழவர் ஹாரனை அழுத்தினார். முழு விலை கொடுத்துவிட்டு, கிழவரை முறைத்துவிட்டு வந்தேன். அரசாங்கத்தை முறைக்க எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை.

மனைவியின் தம்பிக்கு நீல ஐசியும் உண்டு, லைசென்சும் உண்டு. இல்லாதது வேலை மட்டும்தான். மலிவு விலை வண்டிக்கு இல்லை, ஆளுக்கு. அவன் கூட வந்து அட்டையைச் செருகினால் என் வேனுக்கும் மலிவுதான். அதனால் எண்ணெய் போடும் நாளெல்லாம் அவனை ஏற்றிக்கொண்டு போனேன். கூலி, முட்டை போட்ட ரொட்டி சானாய்.

“மாமா, ஏசியக் கூட்டுங்க. அட்ட சூடாயிடும்.”

“இந்த வேன்ல ஏசி எங்கடா இருக்கு? சன்னலத் தெற.”

“நான் வரலேன்னா இந்தச் சன்னலும் நகராது, தெரியும்ல?”

“தெரியும். அதனாலதான் முட்ட. இல்லேன்னா ஒனக்கு நான் பச்சத் தண்ணி கூட வாங்கித் தர மாட்டேன்.”

ஒருநாள் ரொட்டிக் கடை டிவியில் ஏதோ ஒரு நாட்டைக் காட்டினார்கள். ஒரே நாட்டு ஜனங்கள் இரண்டாகப் பிரிந்து சுட்டுக்கொள்கிறார்கள். அங்கே பெட்ரோலை அரசாங்கம்தான் அளந்து கொடுக்கிறது, விலையும் அது வைத்ததுதான். “பாவம் மாமா அவங்க,” என்றான் மச்சான், வாய் நிறைய என் ரொட்டியோடு. எனக்கு அவனுக்குத்தான் ரொட்டியை அளந்து போட வேண்டும் போல இருந்தது.

ஊருக்கு வெளியே இருக்கும் அம்மன் கோயில் திடலைப் பல வருடமாக நான்தான் வெட்டுகிறேன். அது கைவிட்டுப் போனால் மற்ற கோயில்காரர்களும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். திருவிழா நெருங்கியதும் கோயில் தலைவரைப் பார்க்கப் போனேன்.

“இந்த வாட்டி ஒங்க மச்சானும் கேட்டிருக்காரு,” என்றார். “ஒங்களவிடக் கொறச்சு.”

“அவன்கிட்ட மெஷினே இல்லையே தலைவரே.”

“வாங்கிட்டாராம். எண்ணெ அவருக்கு மலிவு, ஒங்களுக்கு முழு வெல, அதனால தன்னால கொறைக்க முடியும்னு சொன்னாரு.”

என் வேனில் உட்கார்ந்து, என் ரொட்டியைத் தின்று, என் செலவையெல்லாம் கற்றுக்கொண்டிருக்கிறான். வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

“அட்டைய நீட்டி நீட்டியே என் பொழப்புல கை வச்சிட்டியேடா.”

“நான் என்னா திருடினேனா மாமா? கவர்மெண்டு எனக்குக் குடுத்தது. ஒங்களுக்குக் குடுக்கலேன்னா அங்க போய் சண்ட போடுங்க.”

“கவர்மெண்டு என் வீட்ல சோறு திங்கலயே.”

“ரெண்டு பேரும் வெளிய போய் அடிச்சிக்குங்க,” என்றாள் மனைவி. “இங்க கண்ணாடிச் சாமான் இருக்கு.”

தலைவர் ஒரு வழி சொன்னார். திடலில் பாதி அவன், பாதி நான். எவன் பாதி நன்றாக இருக்கிறதோ அவனுக்கே இனிமேல் கோயில் வேலை.

அன்று காலை மச்சான் புது மெஷினை மாட்டிக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்தான். மளமளவென்று வெட்டினான். முழு விலை எண்ணெய் போட்ட நான், ஒவ்வொரு சொட்டுக்கும் கணக்குப் பார்த்து வெட்டினேன். தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன். அப்போது அவன் பக்கத்தில் சத்தம் கரகரத்தது. புகை வந்தது. மெஷின் நின்றுவிட்டது.

புல் வெட்டும் மெஷினுக்குப் பெட்ரோலோடு டூடி எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். வெறும் பெட்ரோல் ஊற்றினால் உள்ளே காய்ந்து இறுகிவிடும். நான் கலப்பது திடலுக்குப் போனபிறகு. மச்சான் என்னோடு வந்ததெல்லாம் ஸ்டேஷன் வரைக்கும், ரொட்டிக் கடை வரைக்கும்.

“மாமா, என்னா ஆச்சுன்னு கொஞ்சம் பாருங்களேன்.”

“எனக்கு என்னாடா தெரியும்? நான் முழு வெலைக்காரன்.”

தலைவர் வந்து பார்த்தார். என்னிடம் திரும்பி, “முழுசும் நீங்களே வெட்டுங்க, இனிமே கோயில் ஒங்களுக்குத்தான்,” என்றார். நான் மீசையைத் தடவ கையைத் தூக்கும்போதே அடுத்ததையும் சொன்னார். “ஆனா வெல ஒங்க மச்சான் சொன்ன வெலதான். கமிட்டி அதத்தான் ஒத்துக்கிட்டிருக்கு.”

அந்த விலைக்கு முழு விலை எண்ணெய் போட்டு வெட்டினால் நான் கைக்காசைப் போட்டுத்தான் அம்மனுக்குச் சேவை செய்ய வேண்டும். மலிவு எண்ணெய் இருந்தால்தான் கட்டும். மச்சானும் இதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றான். முகமெல்லாம் கரி. சட்டைப் பையிலிருந்து நீல ஐசியை மெதுவாக எடுத்தான், ஊதினான், என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். அப்போது அவன் மூஞ்சிக்கு நேராக நான் ஒரு வார்த்தை கேட்டேன் பாருங்கள், தலைவரே வாயடைத்து…

“என்னங்க, தம்பி ஸ்டேஷன்ல நிக்கிறானாம். இப்ப வரலேன்னா போயிடுவானாம்.”

“வந்துட்டேன்னு சொல்லு. கோவிச்சுக்காம நிக்கச் சொல்லு.”